குற்றவாளி ரெகுலேட்டர்தானா?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அன்பர்களுக்குள் எழுதப்படாத சாஸ்திரம் ஒன்று வழங்கி வருகிறது. பேட்டரியில் சார்ஜ் ஏறாவிட்டால் குற்றம் ரெகுலேட்டருடையது; அளவுக்கு மீறி ஏறிப் பேட்டரி கொதித்தாலும் குற்றம் ரெகுலேட்டருடையதே; முன்விளக்கு மங்கினாலும், பல்பு அடிக்கடி போனாலும், ஹாரன் கம்மினாலும், இருக்கையின் கீழே கறுப்பு மூடிக்குள் யாருக்கும் ஒரு தீங்கும் நினையாமல் இருந்துவரும் அந்தச் சிறு கருவிதான் அத்தனை பழியையும் சுமந்தாக வேண்டும். மெக்கானிக்கும் அதையே சொல்லுவார். பாகங்கள் விற்கும் கடைக்காரரோ அதை இன்னும் உற்சாகமாகச் சொல்லுவார். இந்த வண்டிகளோடு வெகுகாலம் மல்லுக்கு நின்றதில் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டியது கட்டக் கடைசியில்தான். சந்தேகம் ஊர்ஜிதமான பிறகும், அதைப் பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா என்பது கடைவாசலில் நின்றுகொண்டு தீர்மானிக்கத்தக்க விஷயமன்று.

என்னிடம் இருப்பது 1953ஆம் வருஷத்து பி.எஸ்.ஏ. பி-31. நம் ஊரில் பி.எஸ்.ஏ. என்றவுடன் அம்பத்தூரில் உற்பத்தியான சைக்கிள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த மூன்றெழுத்துக்கு மூலமான கம்பெனியோ, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஸ்மால் ஹீத் என்னும் பகுதியில் துப்பாக்கி செய்வதற்கென்று தோன்றி, பிற்பாடு சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்த ஒன்று. யுத்தம் முடிந்த 1945இலிருந்து 1959 வரையில் அவர்கள் செய்து விற்ற, 348 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் வண்டி இது. வேகத்தில் யாரையும் திகைக்க வைக்காது. ஆனால் நாள் முழுவதும் சலிக்காமல் ஓடும் சுபாவம் உடையது. அதன் மின்சார சாமான்கள் எல்லாம் அதே பர்மிங்ஹாம் நகரத்து லூகாஸ் கம்பெனியின் கைவேலை. சென்னைவாசிகளுக்கு லூகாஸ் அந்நியமான பெயரன்று, 1961இல் டி.வி.எஸ். நிறுவனத்தாரும் லூகாஸும் கூட்டாகத் தொடங்கிய தொழிற்சாலையின் காரணமாக, பாடியில் பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

லூகாஸ் சாமான்களைப் பற்றி ஆங்கிலேயர்களே வழங்கும் பரிகாசம் ஒன்று உண்டு. அந்தக் கம்பெனியை ஸ்தாபித்த ஜோசப் லூகாஸை அவர்கள் 'இருளின் இளவரசர்' என்று அழைப்பார்கள். விளக்கு எரியாது என்பது அதன் தாத்பரியம். கேட்பதற்குச் சுவாரசியமாக இருந்தாலும் இந்தப் பரிகாசத்தில் நியாயம் குறைவு என்பது என் எண்ணம். எழுபது வருஷத்து ஒயரின் துணியுறை உளுத்து, எர்த் தொடுமிடம் துருவேறி, யாரோ எப்போதோ கைக்குக் கிடைத்த கம்பியை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றி வைத்துவிட்டுப் போன வண்டியில் விளக்கு எரியவில்லையென்றால், அந்தப் பாவம் ஜோசப் லூகாஸை எப்படிச் சாரும்?

ரெகுலேட்டர் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எஞ்சின் சுழலும்போது அதோடு டைனமோவும் சுழல்கிறது; சுழற்சி ஏற ஏற அதிலிருந்து பிறக்கும் வோல்ட்டும் ஏறுகிறது. அதன் போக்கில் விட்டுவிட்டால் அது 10 வோல்ட்டையும் தாண்டி 20, 30 என்று போய்க்கொண்டே இருக்கும். பேட்டரியோ மூன்று அறைகள் கொண்ட 6 வோல்ட் பேட்டரி. ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வயலுக்கு வேண்டிய அளவே மடையைத் திறந்து, வரப்பு உடையாமல் காப்பாற்றும் நீர்கட்டியின் ஸ்தானம் ரெகுலேட்டருடையது. டைனமோவின் ஃபீல்டு காயிலுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு ஜோடி பாயிண்டுகளின் வழியாகப் போகிறது. வோல்ட் உரிய அளவை எட்டியதும், ரெகுலேட்டருக்குள் உள்ள காயில் காந்தமாகி அந்தப் பாயிண்டுகளைப் பிரிக்கிறது, பிரிந்ததும் ஃபீல்டு மின்சாரம், பக்கத்திலுள்ள ஒரு கார்பன் ரெசிஸ்டன்ஸின் வழியே சுற்றிக்கொண்டு மெலிந்து செல்ல வேண்டியதாகிறது, வோல்ட் இறங்குகிறது, பாயிண்டுகள் மறுபடியும் சேருகின்றன. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நொடிக்குப் பல பத்து முறை நடக்கும் இந்தத் துடிப்பின் சராசரிதான் நமக்கு நிதானமான வோல்ட்டாகக் கிடைக்கிறது.

அதே பெட்டிக்குள் இன்னொரு காயிலும் உண்டு, அதுதான் கட்-அவுட். நம் பட்டறைகளில் பெட்டி முழுவதையுமே கட்-அவுட் என்றுதான் சொல்லுவார்கள். டைனமோவின் வோல்ட் 6.2இலிருந்து 6.6க்குள் வந்த பிறகே இது டைனமோவையும் பேட்டரியையும் இணைக்கிறது. எஞ்சின் வேகம் தணிந்து வோல்ட் விழுந்ததும் பிரித்துவிடுகிறது. இது இல்லாவிட்டால், வண்டி நின்றவுடன் பேட்டரியிலுள்ள சார்ஜெல்லாம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து, இரண்டில் ஒன்று பாழாகும்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால், டைனமோவில் மூன்றாவது பிரஷ் ஒன்றை வைத்து ஒருவாறு மின்சாரத்தை அடக்கினார்கள். பகலில் பாதி சார்ஜ், இரவில் முழுச் சார்ஜ் என்று ஓட்டுகிறவரே சுவிட்சைத் திருகிக்கொள்ள வேண்டும். மறந்தவர்கள் பேட்டரியை வேகவைத்தார்கள், அல்லது இருட்டில் நின்றார்கள். 1930களின் பிற்பகுதியில் அந்த நினைவுச்சுமையை மனிதனிடமிருந்து வாங்கிக்கொண்ட கருவி என்ற வகையில், இந்தச் சிறு பெட்டிக்கு நாம் காட்டும் மரியாதை போதாது என்றே சொல்லுவேன்.

இனி என் வண்டிக்கு வந்த உபத்திரவத்தைச் சொல்கிறேன். சாலையில் சற்று வேகமாகப் போகும்போது, முன்விளக்கின் தலையிலுள்ள அம்மீட்டரின் முள், பேட்டரி நிறைந்த பிறகும் இறங்காமல், சார்ஜ் பக்கத்தில் உயரவே நின்றது. பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் சீக்கிரம் சீக்கிரமாக வற்றியது. மூடியைத் திறந்தால் அமிலநெடி மூக்கைத் துளைத்தது. பேட்டரி வைக்கும் தட்டின் வர்ணம் கொப்புளித்து உரிந்தது. அளவுக்கு மீறிய சார்ஜுக்கு இவற்றைவிடத் தெளிவான லக்ஷணங்கள் வேண்டியதில்லை. சாஸ்திரப்படி பார்த்தால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான். அந்த நோக்கத்தோடுதான் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளின் மின்சார வேலை அறிந்த முதியவர் ஒருவரைத் தேடிக்கொண்டு போனேன்.

"கட்-அவுட் புதுசு கிடைக்குமா, பாய்?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் சார். ஆனா வாங்கி மாட்டினா அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "பெயின்ட் பளபளன்னு இருக்கே. ஃப்ரேமுக்கு எப்ப அடிச்சீங்க?"

"போன வருஷம். பவுடர் கோட்டிங்."

"அப்ப கட்-அவுட்டுக்கு எர்த்து எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?"

அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. ரெகுலேட்டரின் அடியில் எஃப், ஏ, டி, இ என்று நான்கு முனைகள் வரிசையாக இருக்கும். எஃப் ஃபீல்டுக்கு, ஏ அம்மீட்டர் வழியாகப் பேட்டரிக்கு, டி டைனமோவுக்கு, இ என்பது எர்த். வோல்ட் எவ்வளவு என்பதை ரெகுலேட்டர் உணர்வதெல்லாம் டி முனைக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கொண்டுதான். எர்த் ஒயர் பிடித்திருக்கும் திருகின் கீழே, சுட்டு இறுக்கிய வர்ணப்படலம் ஒன்று முறையாக மின்சாரத்தை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமானால், உள்ளே காயிலுக்குக் கிடைப்பது உண்மையான வோல்ட்டில் ஒரு பகுதியே. 'இன்னும் போதவில்லை' என்று நம்பி அது மேலும் மேலும் அனுமதிக்கிறது. பொய்ச் செய்தியின் பேரில் நேர்மையாக நடந்துகொண்ட கருவியைக் குற்றவாளி என்பது எப்படித் தகும்? எர்த் அடியோடு அறுந்துவிட்டாலோ நிலைமை இன்னும் விபரீதமாகும். கட்-அவுட் சேராது, பேட்டரிக்குச் சார்ஜ் போகாது, டைனமோ மட்டும் தட்டிக்கேட்க ஆளின்றி வோல்ட்டை ஏற்றித் தன் காயிலைத் தானே பொசுக்கிக்கொள்ளும்.

பெரியவர் திருகைக் கழற்றி, அந்த இடத்தில் வர்ணத்தைப் பளிச்சென்று இரும்பு தெரியச் சுரண்டி, கொஞ்சம் வாஸலின் தடவி இறுக்கினார். அதோடு நில்லாமல் பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினுக்கும் ரெகுலேட்டருக்கும் நேராகத் தனி ஒயர் ஒன்று இழுத்தார். இந்தத் தனி ஒயர் எந்தப் பழைய வண்டிக்கும் செய்யத்தக்க முதல் தர்மம். பவுடர் கோட்டிங் செய்த வண்டிக்கு அது கட்டாயம்.

ஆகவே சோதிக்கும் வரிசை இப்படி அமைகிறது: முதலில் பேட்டரி, அடுத்து எர்த்தும் ஒயரும், அடுத்து டைனமோ, கடைசியில் ரெகுலேட்டர். பேட்டரியில் நிறைசார்ஜில் அறைக்கு 2.1 வோல்ட் வீதம் 6.3க்குக் குறையாமல் நிற்க வேண்டும்; ஓர் அறை செத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு ரெகுலேட்டரைச் சரிசெய்ய முயல்வது வீண் சிரமம். டைனமோவைச் சோதிக்க, அதன் டி, எஃப் ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் ஒன்றாக்கி, அங்கிருந்து எஞ்சின் உடம்புக்கு வோல்ட் மீட்டரை இணைத்து, எஞ்சினை மெள்ள வேகமேற்ற வேண்டும். முள் தடுமாறாமல் விரைவாக ஏறினால் டைனமோ ஆரோக்கியமானது. 10 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், எஞ்சினை உறுமவிடலாகாது. அரை வோல்ட்டிலேயே முள் நின்றுவிட்டால் ஃபீல்டு காயிலையும், ஒன்றரை இரண்டு வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகிக்கலாம். முள் அசையவே இல்லையென்றால், காயில்களைக் குறைசொல்வதற்கு முன்னால் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகிவிட்டதா, கம்யூட்டேட்டரில் கரியும் எண்ணெயும் படிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். பெட்ரோலில் நனைத்த துணியொன்றே பல டைனமோக்களுக்குப் புனர்ஜன்மம் கொடுத்திருக்கிறது.

இத்தனைக்கும் மத்தியில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பது இந்த வண்டிகளின் விசேஷம். பி-31இல் தீப்பொறி வருவது மாக்னெட்டோவிலிருந்து. டைனமோ அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே தவிர, பேட்டரிக்கும் எஞ்சின் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் பகலில் ஊர் சுற்றலாம். கழற்றும்போது டைனமோவின் ஒயர்களையும் பிரித்துவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சார்ஜ் கோளாறுகள் வருஷக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்து முற்றிப்போவதற்கு இந்தச் சௌகரியமே ஒரு காரணம்.

எர்த்தைச் சரிசெய்த பிறகு என் வண்டியின் சார்ஜ் பெரிதும் அடங்கியது. ஆயினும் மீட்டரில் முள் ஓரிடத்தில் நிலைக்காமல் ஊசலாடியதால், பெரியவர் ரெகுலேட்டரின் மூடியையும் திறந்தார். அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தது எனக்கு ஒரு பாடம். பாயிண்டுகளில் ஒன்றின் முகத்தில் சிறு குழியும், எதிரேயுள்ளதில் அதற்கு நேராக ஒரு முனைப்பும் விழுந்திருந்தன. ரெகுலேட்டர் பாயிண்டைத் தீட்டுவதற்கு நைஸான கார்பொரண்டம் கல்லை எடுத்தவர், கட்-அவுட்டின் பாயிண்டுக்கு வந்ததும் கல்லைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய கண்ணாடித்தாளில் ஒரு கீற்று வெட்டி எடுத்துக்கொண்டார். முன்னது கடினமான உலோகம், கல் தாங்கும். பின்னது மென்மையானது, கல்லோ எமரியோ பட்டால் அதன் துகள் உள்ளே புதைந்து தொடர்பைக் கெடுக்கும். பிறகு ஸ்பிரிட்டில் தோய்த்த துணியால் இரண்டையும் துடைத்தார்.

அளவு வைக்கும் முறையும் அழகானது. கட்-அவுட்டின் பாயிண்டுகளுக்கு நடுவே கல்யாணப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு துண்டு அட்டையைச் செருகிப் பேட்டரியைப் பிரித்துவிட்டார். மீட்டரை டி முனைக்கும் எர்த்துக்கும் கொடுத்து, என்னை எஞ்சினை மெதுவாக ஏற்றச் சொன்னார். முள் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சற்றுத் துடித்து, அதற்கு மேல் போகாமல் நின்றது. அந்த இடமே ரெகுலேட்டரின் அளவு. கம்பெனிக் கணக்கில் 20 டிகிரி சீதோஷ்ணத்துக்கு அது 8 வோல்ட்டுக்குச் சற்று முன்பின்னாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குச் சில தசாம்சம் குறைவாக வைப்பது உசிதம். லாக்நட்டைத் தளர்த்தி ஸ்குரூவை வலப்புறம் திருகினால் வோல்ட் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும். திருகும் அளவோ முழுச்சுற்றில் மிகச் சிறு பங்கு. இவ்வளவையும் அரை நிமிஷத்துக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் எஞ்சினை ஓடவிட்டால் காயில் சூடேறி மீட்டர் பொய் சொல்லும். சாமர்த்தியத்தைக் காட்டிலும் நிதானம் வேண்டிய வேலை. ஸ்குரூ டிரைவரை எடுத்தவுடன் அந்த ஸ்குரூவைத்தான் முதலில் திருகவேண்டும் என்ற ஆசை மனிதர்க்கு இயற்கையாகவே உண்டு. பல ரெகுலேட்டர்கள் கெட்டது வயதினால் அன்று, அந்த ஆசையினால்தான்.

மாற்றியே தீரவேண்டிய நிலையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. என் நண்பர் ஒருவரின் வண்டியில் கட்-அவுட் பாயிண்டுகள் உருகி ஒட்டிக்கொண்டன. எஞ்சினை நிறுத்திய பிறகும் அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கத்தின் எல்லையில் போய் நிற்க, சற்று நேரத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து புகை வந்தது. அவர் ஓடிப்போய்ப் பேட்டரி ஒயரைப் பிடுங்கியதால் வண்டி பிழைத்தது. மூடியைத் திறந்தால், காயிலின் சுற்று கருகியிருந்தது. கார்பன் ரெசிஸ்டன்ஸ் இரண்டாகப் பிளந்திருந்தது. இத்தகைய வண்டிகள் ஃப்யூஸ் இல்லாமலே பிறந்தவை. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு ஃப்யூஸைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுதான். அதைச் சேர்க்காமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

அவருக்கு நான் சொன்ன யோசனை, மின்னணு ரெகுலேட்டர் போடுங்கள் என்பதே. பழைய பெட்டியின் உள்ளுறுப்பை எடுத்துவிட்டு அதே மூடிக்குள் அடக்கிவிடக்கூடிய சிறு கட்டுகள் இப்போது கிடைக்கின்றன. பாயிண்ட் இல்லை, தேய்மானம் இல்லை, அளவு வைக்கும் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. பழைய ரெகுலேட்டருக்குப் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்ற பேதம் கிடையாது; மின்னணுக் கட்டுக்கோ அதுவே உயிர். 1950களின் ஆரம்பத்தையொட்டி லூகாஸ்காரர்கள் நெகட்டிவ் எர்த்திலிருந்து பாசிட்டிவ் எர்த்துக்கு மாறினார்கள். இடையில் நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் வழக்கம்போல் மாற்றியும் வைத்திருப்பார்கள். ஆகவே புத்தகத்தை நம்பாமல் வண்டியைப் பார்த்து வாங்க வேண்டும். எர்த்தை மாற்றினால் டைனமோவின் காந்த திசையையும் மாற்றியாக வேண்டும்: ரெகுலேட்டரோடு தொடர்பு பிரித்த நிலையில், எஃப் முனையைப் பேட்டரியின் உயிர்முனையால் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும், புது திசை பதிந்துவிடும். இதைச் செய்யாமல் எஞ்சினை உதைத்துக் கிளப்பினால் புதிய கட்டு அந்தக் கணமே புகையாகும்.

இதே டைனமோவை 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றலாம், வோல்ட்டைத் தீர்மானிப்பது சுழற்சியும் ரெகுலேட்டருமே ஆதலால், 12 வோல்ட் மின்னணுக் கட்டும் பேட்டரியும் பல்புகளும் போட்டால் அது வேலை செய்யும். ஆனால் சார்ஜ் ஆரம்பமாவதற்கு எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு லாபம். அண்ணா சாலை சிக்னலில் நின்று நின்று போகிறவருக்கு நஷ்டம், எல்.இ.டி. விளக்குகளைப் போட்டு மின்சாரத் தேவையைக் குறைத்துக்கொண்டாலன்றி.

மின்னணுக் கட்டு வைத்தால் வண்டியின் அசல் தன்மை போய்விடும் என்று வருந்தும் சுத்தவாதிகளிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உடன்பாடு இல்லை. வண்டி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. இருட்டியபின் விளக்கு எரிய வீடு திரும்புவதும் அந்த ஓட்டத்தில் சேர்ந்ததே. என் தீர்ப்பு இதுதான்: காயில்கள் நன்றாக இருந்து பாயிண்டுகள் மட்டும் கெட்டிருந்தால் பழையதைத் தீட்டி அளவு வைத்து ஓட்டுங்கள், காயில் கருகியிருந்தால் தயங்காமல் மின்னணுக் கட்டுக்குப் போங்கள், எதைச் செய்வதற்கு முன்னாலும் எர்த் திருகைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பழைய ரெகுலேட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். துடைத்து, ஒரு தகர டப்பாவில் வைத்து, எந்த வண்டியினுடையது என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். உங்களுக்குப் பின் அந்த வண்டிக்கு உடையவராகப் போகிறவர், காயிலைப் புதிதாகச் சுற்றிப் பழையபடியே வைத்துக்கொள்ள விரும்பக்கூடும். அந்த உரிமையை அவருக்கு விட்டுவைப்பது நம் கடமை.